எலும்புத் துண்டின் இனம் அறிதல்: புரதச் சோதனையும் களப்பணியாளர் பொறுப்பும்

புதைபொருள் ஆராய்ச்சி நடைபெறும் இடங்களில் மட்பாண்ட ஓடுகளுக்கு அடுத்தபடியாக மிகுதியாகக் கிடைப்பவை விலங்குகளின் எலும்புகளே. பண்டைக்கால மக்கள் எவ்விலங்குகளை வளர்த்தனர், எவற்றை வேட்டையாடினர், எவற்றை உழவுக்கும் பாரம் இழுப்பதற்கும் பயன்படுத்தினர் என்பனவற்றிற்கு இவை நேரடியான சான்றுகளாகும். ஆயினும், குழிகளிலிருந்து வெளிவரும் எலும்புகளுள் பெரும்பாலானவை முழு எலும்புகள் அல்ல. இறைச்சிக்காக வெட்டப்பட்டும், உள்ளிருக்கும் மஜ்ஜைக்காக உடைக்கப்பட்டும், நாய்களால் கடிக்கப்பட்டும், மண்ணின் பாரத்தால் நொறுங்கியும், விரல் நீளத்திற்கும் குறைந்த சில்லுகளாகவே அவை நமக்குக் கிடைக்கின்றன.

இத்தகைய சில்லுகளில், இன்ன விலங்கின் எலும்பு என்று கூறத்தக்க வடிவ அடையாளம் எதுவும் பெரும்பாலும் எஞ்சியிருப்பதில்லை. ஆதலால் ‘இனம் அறியப்படாதவை’ என்னும் தலைப்பின்கீழ் அவற்றின் எண்ணிக்கையையோ எடையையோ மட்டும் குறித்து ஒதுக்கிவிடுவது வழக்கமாக இருந்து வந்தது. சில இடங்களில் தோண்டிய மண்ணோடு சேர்த்து அவை எறியப்பட்டதும் உண்டு.

வடிவம் அழிந்துபோன எலும்பிலும் அதன் புரதம் எஞ்சியிருக்கக் கூடும். அப்புரதத்தைக் கொண்டு விலங்கின் இனத்தை அறிய முடியும். இதற்கான முறை எளியதும் செலவு குறைந்ததுமாக உருப்பெற்றது 2009-ஆம் ஆண்டையொட்டியே ஆகும். அம்முறையின் அடிப்படை யாது, அது எவற்றைக் கூற வல்லது, எவற்றைக் கூற இயலாது, அது பயன்பட வேண்டுமாயின் களத்தில் பணிபுரிவோர் செய்ய வேண்டியவை யாவை என்பனவற்றை இக்கட்டுரை விளக்குகின்றது. களப்பணியாளருக்கேயன்றி, விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும் பயன்படுமாறு சில எளிய செய்முறைகளும் இறுதியில் தரப்பட்டுள்ளன.

வடிவத்தைக் கொண்டு இனம் அறிதல்

இந்தியாவில் புதைபொருள் எலும்புகளை விலங்கு நூல் வல்லுநர்கள் ஆராயும் மரபு பழமையானது. 1916-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையினர் இப்பணியில் முன்னின்றனர். மொகெஞ்சதாரோவில் கிடைத்த எலும்புகளைப் பற்றி ஸீவெல், குகா ஆகிய இருவரும் எழுதிய பகுதி, 1931-ஆம் ஆண்டில் வெளிவந்த ஜான் மார்ஷலின் பெருநூலில் இடம்பெற்றது. ஹரப்பாவின் விலங்கு எலும்புகளைப் பற்றிப் பைனி பிரசாத் எழுதிய தனி நூல் 1936-ஆம் ஆண்டில் வெளியாயிற்று.

வல்லுநர் ஒருவர் எலும்பைக் கையில் எடுத்து, மூட்டின் வளைவு, தசை பற்றிய தழும்பு, பல்லின் மடிப்பு ஆகியவற்றை, இனம் தெரிந்த எலும்புக்கூடுகளோடு ஒப்பிட்டு முடிவு காண்பதே இம்மரபின் வழியாகும். இன்றும் இதுவே முதன்மையான முறை. புரதச் சோதனை இதற்குத் துணையாக வந்ததேயன்றி மாற்றாக வந்ததன்று என்பதை முதலிலேயே மனத்திற் கொள்ள வேண்டும்.

ஆயினும் இம்முறைக்கு இரண்டு தடைகள் உண்டு. முதலாவது, எலும்பு மிகச் சிறிதாக உடைந்திருத்தல். இரண்டாவது, நெருங்கிய உறவுடைய இனங்களின் எலும்புகள் ஒன்றையொன்று பெரிதும் ஒத்திருத்தல். இரண்டாவது தடைக்குத் தலைசிறந்த எடுத்துக்காட்டு ஆடு. நம் பேச்சில் ‘ஆடு’ என்ற ஒரே சொல் செம்மறியாட்டையும் வெள்ளாட்டையும் குறிக்கின்றது. உயிருடன் நிற்கும்போது இவ்விரண்டையும் சிறு பிள்ளையும் வேறுபடுத்திவிடும். ஆனால் எலும்பாகிவிட்டால், தேர்ந்த வல்லுநரும் பல வேளைகளில் ‘செம்மறி அல்லது வெள்ளாடு’ என்று எழுதி நிறுத்திக்கொள்ள நேர்கின்றது. இவ்விரண்டின் எலும்பு வேறுபாடுகளைப் போஸ்னெக், முல்லர், டைக்கர்ட் என்னும் ஜெர்மன் அறிஞர்கள் 1964-ஆம் ஆண்டில் விரிவாகத் தொகுத்து வெளியிட்டனர். அவர்கள் காட்டிய அடையாளங்கள் மூட்டு முனைகளிலும் கொம்பின் உள்ளெலும்பிலும் தெளிவாக உள்ளன. உடைந்த நடுத்தண்டில் அவை இல்லை.

இது வெறும் பெயர் பற்றிய சிக்கலன்று. செம்மறி பெரும்பாலும் புல்லை மேய்வது. மயிரும் கம்பளமும் தருவது. வெள்ளாடு முட்புதரையும் தழையையும் கடித்து வாழ வல்லது. வறண்ட நிலத்திலும் பால் தருவது. ஓர் ஊரில் செம்மறி மிகுதியாக இருந்ததா, வெள்ளாடு மிகுதியாக இருந்ததா என்பது தெரிந்தால், அவ்வூரைச் சுற்றியிருந்த மேய்ச்சல் நிலம், நெசவு, பால் உணவு ஆகியவற்றைப் பற்றிக் காரணத்தோடு பேச முடியும். இரண்டும் ஒரே பெயரின்கீழ் கலந்துவிட்டால், அக்கேள்விகளை எழுப்பவே வழியில்லாமற் போகின்றது.

கொல்லாஜன் என்னும் புரதம்

எலும்பின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கால்சியம் பாஸ்பேட்டை முதன்மையாகக் கொண்ட தாதுப்பொருள். எஞ்சிய பகுதியின் பெரும்பங்கு கொல்லாஜன் என்னும் புரதமாகும். தாதுப்பொருள் எலும்பிற்குக் கடினத்தையும், கொல்லாஜன் அதற்கு வளைந்து கொடுக்கும் தன்மையையும் அளிக்கின்றன. தோல், தசைநாண், மான்கொம்பு, தந்தம் ஆகியவற்றிலும் இப்புரதம் உண்டு.

கொல்லாஜனின் அமைப்பை விளக்கியதில் இந்திய விஞ்ஞானத்திற்கு உயர்ந்த பங்கு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டாக்டர் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் எக்ஸ்-கதிர்ச் சோதனைகளின் அடிப்படையில், மூன்று சங்கிலிகள் ஒன்றாக முறுக்கப்பட்ட அமைப்பே கொல்லாஜன் என்பதை 1954, 1955-ஆம் ஆண்டுகளில் வெளியிட்டனர். கயிறு திரிப்பவர் மூன்று புரிகளைச் சேர்த்து முறுக்குவதைப் போன்றதே இது.

ஒவ்வொரு புரியும் சுமார் ஆயிரம் அமினோ அமிலங்கள் கோக்கப்பட்ட சங்கிலியாகும். அச்சங்கிலியில் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் என்னும் மிகச் சிறிய அமினோ அமிலம் அமைந்திருக்கும். முறுக்கின் உட்புறத்தில் வேறு எதற்கும் இடம் போதாது என்பதே காரணம். எனவே கிளைசின் இருக்கும் இடங்கள் எல்லா விலங்குகளிலும் மாறாமல் நிற்கின்றன. அவற்றிற்கு இடைப்பட்ட இரண்டு இடங்களில் மட்டும், பரிணாமத்தின் போக்கில் ஓர் அமினோ அமிலத்திற்குப் பதிலாக மற்றொன்று அமைவதற்கு இடமுண்டு. மாட்டின் கொல்லாஜனும் ஆட்டின் கொல்லாஜனும் பெரும்பாலும் ஒன்றே. ஆனால் முற்றிலும் ஒன்றல்ல. இச்சிறு வேறுபாடுகளே இனத்தை அறிவிக்கும் முத்திரைகளாகின்றன.

கொல்லாஜனுக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. இறுக முறுக்கப்பட்டும் தாதுப்பொருளால் சூழப்பட்டும் இருப்பதால், பெரும்பாலான புரதங்கள் அழிந்த பின்னரும், மரபுப் பண்பைத் தாங்கிய டி.என்.ஏ. சிதைந்த பின்னரும் அது பல இடங்களில் நிலைத்து நிற்கின்றது.

சோதனை நடைபெறும் விதம்

இங்கிலாந்திலுள்ள யார்க் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் பக்லி, மாத்யூ காலின்ஸ் முதலியோர் உருவாக்கி 2009-ஆம் ஆண்டில் வெளியிட்ட முறை ‘ஜூம்ஸ்’ என்னும் சுருக்கப் பெயரால் வழங்குகின்றது. அதன் படிகள் வருமாறு:

முதற்படி: எலும்பிலிருந்து சுமார் 10 முதல் 30 மில்லிகிராம் வரை எடுக்கப்படும். இஃது ஓர் அரிசி மணியின் எடையளவே ஆகும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் அதனை ஊறவைத்தால் தாதுப்பொருள் கரைந்து கொல்லாஜன் எஞ்சும்.

இரண்டாம் படி: எஞ்சிய பொருள் காரத்தன்மை குறைந்த கரைசலில் சுமார் 65 பாகை சென்டிகிரேடு வெப்பத்தில் வைக்கப்படும். முறுக்கு அவிழ்ந்து கொல்லாஜன் கரைசலில் கலக்கும். எலும்பைக் கொதிக்கவைத்தால் கிடைக்கும் ஜெலாட்டினும் இவ்வாறு அவிழ்ந்த கொல்லாஜனே.

மூன்றாம் படி: இக்கரைசலில் டிரிப்சின் என்னும் நொதி சேர்க்கப்படும். உணவைச் செரிப்பதற்காக உடலில் சுரக்கும் நொதிகளுள் இதுவும் ஒன்று. லைசின், அர்ஜினின் என்னும் இரண்டு அமினோ அமிலங்களை அடுத்து மட்டுமே இது சங்கிலியை வெட்டும். ஆகவே ஒரே இனத்தின் கொல்லாஜனை எத்தனை முறை வெட்டினாலும் அதே நீளமும் அதே எடையும் கொண்ட துண்டுகளே கிடைக்கும். இத்துண்டுகளைப் பெப்டைடுகள் என்பர்.

நான்காம் படி: பெப்டைடுகளின் எடையைக் காணுதல். ஒளியை ஈர்க்கும் ஒரு பொருளோடு கலந்து, உலோகத் தட்டின்மீது ஒரு துளி உலர்த்தப்படும். அதன்மீது லேசர் ஒளி பாய்ச்சப்படும்போது பெப்டைடுகள் மின்னேற்றம் பெற்று எழும். அவற்றை ஒரே அளவான மின்விசை வெற்றிடக் குழாய் ஒன்றினுள் உந்திவிடும். ஒரே அளவு ஆற்றல் பெற்றவற்றுள் எடை குறைந்தது விரைந்து சென்று சேரும். எடை மிகுந்தது பின்னர்ச் சேரும். நான்கு மடங்கு எடையுள்ளது இரு மடங்கு காலம் எடுத்துக்கொள்ளும். சென்று சேரும் காலத்தை அளந்தால் எடை தெரிந்துவிடும். பெரிய உயிர்ப்பொருள் மூலக்கூறுகளைச் சிதைக்காமல் மின்னேற்றும் முறைகளை வகுத்தமைக்காக, ஜப்பானியரான கோய்ச்சி தனக்காவும் அமெரிக்கரான ஜான் பென்னும் 2002-ஆம் ஆண்டின் இரசாயன நோபெல் பரிசில் ஒரு பாதியைப் பகிர்ந்துகொண்டனர்.

இறுதியில் கிடைப்பது ஒரு வரைபடம். அதில் ஒவ்வொரு முகடும் ஒரு பெப்டைடின் எடையைக் காட்டும். இவ்வரைபடத்தை, இனம் தெரிந்த விலங்குகளின் வரைபடங்களோடு ஒப்பிட்டு முடிவு காணப்படும். கைரேகையைக் கொண்டு ஆளை அறிவதற்கு ஒப்பாக இதனைக் ‘கொல்லாஜன் ரேகை’ என்று கூறலாம்.

எடையிலிருந்து இனம்

மூலக்கூறுகளின் எடை டால்ட்டன் என்னும் அலகால் குறிக்கப்படும். ஒரு டால்ட்டன் ஏறக்குறைய ஒரு ஹைட்ரஜன் அணுவின் எடைக்குச் சமம். மாடு, செம்மறி, வெள்ளாடு ஆகிய மூன்றையும் பிரிப்பதற்கு இரண்டு பெப்டைடுகள் பெரிதும் உதவுகின்றன.

முதற் பெப்டைடின் முகடுகள் மாட்டில் 2853, 2869 ஆகிய எடைகளிலும், இருவகை ஆடுகளிலும் 2883, 2899 ஆகிய எடைகளிலும் தோன்றும். இதனால் மாடும் ஆடும் பிரிகின்றன. இரண்டாவது பெப்டைடு 33 அமினோ அமிலங்கள் கொண்டது. அதன் முகடுகள் செம்மறியில் 3017, 3033 ஆகவும், வெள்ளாட்டில் 3077, 3093 ஆகவும் அமையும். அறுபது அலகுகளே கொண்ட இவ்வேறுபாடு செம்மறியையும் வெள்ளாட்டையும் பிரிக்கப் போதுமானது. இதனைப் பக்லியும் உடன் ஆராய்ந்தோரும் 2010-ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

முகடுகள் இரண்டிரண்டாக 16 அலகு இடைவெளியில் தோன்றுவதைக் காண்க. கொல்லாஜனில் உள்ள புரோலின் என்னும் அமினோ அமிலம், சில இடங்களில் ஓர் ஆக்ஸிஜன் அணுவைக் கூடுதலாக ஏற்று ஹைட்ராக்ஸிபுரோலின் ஆகின்றது. ஆக்ஸிஜன் அணுவின் எடை 16. ஒரே பெப்டைடு அவ்வணுவை ஏற்ற நிலையிலும் ஏற்காத நிலையிலும் இருப்பதால் இரு முகடுகள் உண்டாகின்றன.

ஓர் எச்சரிக்கையும் இங்குக் கூறவேண்டும். செம்மறிக்குரிய 3033 என்னும் முகடு மாட்டிலும் தோன்றும். சில மான்களிலும் தோன்றும். அம்மான்கள் 2883, 2899 ஆகிய முகடுகளையும் தருவதுண்டு. ஆகவே ஒரே முகட்டைக் கண்டவுடன் இனத்தை முடிவு செய்தல் கூடாது. பல குறிகள் ஒருங்கே பொருந்திய பின்னரே இனப் பெயர் எழுதப்படும். குறிகள் போதாவிடில் ‘மாட்டுக் குடும்பம்’ என்றோ ‘மான் குடும்பம்’ என்றோ எழுதி நிறுத்துவதே நேர்மையான முடிவாகும்.

இரண்டு எடுத்துக்காட்டுகள்

இம்முறையின் ஆற்றலை உலகிற்குக் காட்டிய நிகழ்ச்சி சைபீரியாவின் டெனிசோவா குகையைச் சார்ந்தது. அங்குக் கிடைத்த, வடிவத்தால் இனம் அறியவியலாத இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட எலும்புச் சில்லுகள் கொல்லாஜன் சோதனைக்கு உட்படுத்தப்பட்டன. அவற்றுள் சுமார் 25 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு சில்லு மனிதக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பது தெரியவந்தது. 2016-ஆம் ஆண்டில் இச்செய்தி வெளியாயிற்று. பின்னர் அதன் டி.என்.ஏ. ஆராயப்பட்டது. அஃது ஏறக்குறைய 90,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு பெண்ணின் எலும்பு என்பதும், அவளுடைய தாய் நியாண்டர்தால் இனத்தவள், தந்தை டெனிசோவர் இனத்தவர் என்பதும் 2018-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டன. புரதச் சோதனை இப்பெண்ணின் கதை முழுவதையும் கூறவில்லை. ஆயிரக்கணக்கான சில்லுகளுக்கிடையே எதனை எடுத்து ஆராய வேண்டும் என்பதை அது காட்டிற்று. அச்சில்லுகளைத் தோண்டியவர்கள் சேர்த்து வைத்திராவிட்டால் அதுவும் இயன்றிராது.

மற்றோர் எடுத்துக்காட்டு வடதுருவத்தை அடுத்த எல்ஸ்மியர் தீவிலிருந்து வருகின்றது. கனடாவைச் சேர்ந்த அத்தீவில் கிடைத்த கால் எலும்புச் சில்லுகள் ஒட்டகக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதைக் கொல்லாஜன் சோதனை 2013-ஆம் ஆண்டில் வெளிப்படுத்தியது. அவற்றின் வயது சுமார் 35 இலட்சம் ஆண்டுகள். பாலைவன விலங்காக நாம் எண்ணும் ஒட்டகத்தின் முன்னோர் வடதுருவக் காடுகளில் உலவினர் என்பது இதனால் உறுதிப்பட்டது.

முறையின் எல்லைகள்

மேற்கூறிய இரண்டு இடங்களும் கடுங்குளிர்ப் பிரதேசங்கள் என்பதை மறத்தல் ஆகாது. கொல்லாஜனின் முதற் பகை வெப்பம். வெப்பம் ஏற ஏறச் சங்கிலிகள் நீரால் அறுபடும் வேகமும் ஏறுகின்றது. குளிர் நாட்டில் இலட்சக்கணக்கான ஆண்டுகள் நிற்கும் புரதம், வெப்ப நாட்டில் சில ஆயிரம் ஆண்டுகளுக்குள் அழிந்துபோகலாம். இந்தியாவின் பெரும்பகுதிக்கு இத்தடை பொருந்தும். எனினும் எல்லா எலும்புகளும் ஒரே அளவில் கெடுவதில்லை. ஆழ்ந்த அடுக்கு, நிழலான குகை, சுண்ணாம்புச் சத்துள்ள மண், தடித்த எலும்பு ஆகியன பாதுகாப்பிற்கு ஏற்றவை. அமிலத்தன்மையுள்ள மண்ணும், மாறி மாறி நனைந்து உலரும் இடமும் கேடு விளைவிப்பவை. நெருப்பில் வெண்ணிறமாக வெந்த எலும்பில் கொல்லாஜன் இராது. சோதனைக்கு அனுப்பிய மாதிரிகளுள் ஒரு பகுதி விடை தராமற் போகும் என்பதை எதிர்பார்த்தே திட்டமிட வேண்டும்.

இரண்டாவது எல்லை கொல்லாஜனின் இயல்பைச் சார்ந்தது. இப்புரதம் மெதுவாக மாறுவதால், அண்மையில் பிரிந்த இனங்களிடையே வேறுபாடு தோன்றியிருப்பதில்லை. நாயையும் ஓநாயையும் இது பிரிக்காது. வீட்டுப் பன்றியையும் காட்டுப் பன்றியையும் பிரிக்காது. திமிலுள்ள நம் நாட்டு மாட்டையும் திமிலற்ற ஐரோப்பிய மாட்டையும் பிரிக்காது. ஆகவே ஒரு விலங்கு பழக்கப்பட்டதா, காட்டில் வாழ்ந்ததா என்னும் கேள்விக்கு இச்சோதனை மட்டும் விடை கூறாது. எலும்பின் அளவு, இறந்தபோது இருந்த வயது, கிடைத்த சூழல் ஆகியவற்றைக் கொண்டே அதனை ஆராய வேண்டும்.

இவ்விடத்தில் கட்சுப் பகுதியிலுள்ள சுர்கோட்டடாவைக் குறிப்பிடுதல் பொருந்தும். அங்குக் கிடைத்த சில எலும்புகள் குதிரையினுடையவை என்று ஏ. கே. சர்மா 1974-ஆம் ஆண்டில் எழுதினார். ஹங்கேரி நாட்டு வல்லுநர் ஷாண்டோர் பொக்கோனி 1990-களில் அதனை ஏற்றார். ரிச்சர்டு மெடோ, அஜிதா பட்டேல் ஆகியோர் 1997-ஆம் ஆண்டில் அதனை மறுத்து, அவை காட்டுக் கழுதையினுடையவையாக இருக்கலாம் என்றனர். கட்சு வளைகுடாவை அடுத்த ரண் நிலத்தில் காட்டுக் கழுதைகள் இன்றும் வாழ்கின்றன. இத்தகைய வழக்கிற்குப் புரதச் சோதனை உடனே தீர்ப்பளிக்கும் என்று எண்ணுதல் தவறு. வழக்கமாகக் கையாளப்படும் குறிகள் ‘குதிரைப் பேரினம்’ என்பதோடு நின்றுவிடும். குதிரையும் கழுதையும் அதனுள் அடங்கும். மேற்கு ஐபீரியாவில் கிடைத்த எலும்புகளைக் கொண்டு, வீட்டுக் குதிரையையும் வீட்டுக் கழுதையையும் பிரிக்கும் முயற்சி 2023-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. இதனை நம் நாட்டுக் காட்டுக் கழுதைக்குப் பொருத்துவதற்கு முன், அவ்விலங்கின் கொல்லாஜனே முதலில் முறையாக ஒப்பிடப்பட வேண்டும்.

மூன்றாவது எல்லை இதிலிருந்தே விளங்கும். ஒப்பிடுவதற்கு உரிய வரைபடம் இல்லாத விலங்கை இம்முறை கண்டுகொள்ளாது. ஐரோப்பிய விலங்குகளுக்கே முதலில் குறிகள் வகுக்கப்பட்டன. ஆப்பிரிக்காவின் பல்வகை இரலைகளைப் பிரிக்கும் குறிகள் 2021-ஆம் ஆண்டில் தனியே வகுக்கப்பட்டு, ஸாம்பியாவின் இரும்புக்கால எலும்புகளுக்குப் பொருத்தப்பட்டன. நீலமான், வெளிமான், சிங்காரா, புள்ளிமான், கௌர் எனப்படும் காட்டெருது, எருமை ஆகியன ஒருங்கே வாழும் நம் நாட்டிலும் அத்தகைய உழைப்பு தேவை. அருங்காட்சியகங்களில் இனம் உறுதியாகத் தெரிந்து வைக்கப்பட்டுள்ள எலும்புக்கூடுகள் இப்பணிக்குரிய கருவூலங்களாகும்.

களத்தில் கைக்கொள்ள வேண்டியவை

ஆய்வுக்கூடத்தின் கருவி எவ்வளவு நுட்பமானதாயினும், களத்தில் கெட்டுப்போன மாதிரியை அது சீராக்க இயலாது. ஆதலால் களப்பணியாளர் பின்வருவனவற்றை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

1. சில்லுகளை எறியாதீர். சல்லடையில் தங்கும் சிறு எலும்புகளையும் அடுக்குவாரியாகச் சேர்த்து வைக்கவும். இனம் அறியப்படாதது என்பது இனம் அறியவே முடியாதது என்று பொருள்படாது.

2. குழி, அடுக்கு, ஆழம், நாள் ஆகியவற்றைப் பையின் உள்ளும் புறமும் எழுதவும். கிடைத்த இடம் தெரியாத எலும்பின் இனப் பெயரால் வரலாற்றிற்குப் பயன் இல்லை.

3. மென்மையான தூரிகையால் மண்ணை அகற்றவும். கழுவுதல் இன்றியமையாததாயின் குளிர்ந்த தூய நீரை மட்டும் குறைவாகப் பயன்படுத்தவும். சுண்ணாம்புப் படிவை நீக்குவதற்காக அமிலத்தில் இடுதல் கூடாது. நிழலில் உலர்த்தவும், கடும் வெயிலில் பரப்ப வேண்டா.

4. உடைந்த எலும்பை ஒட்டுவதற்கு வச்சிரமோ ஜெலாட்டினோ பயன்படுத்தவே கூடாது. இவை விலங்கின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் செய்யப்படுபவை, இவையே கொல்லாஜன். மாட்டுத் தோலிலிருந்து காய்ச்சிய வச்சிரம் பூசப்பட்ட மான் எலும்பு, சோதனையில் மாடாகத் தோன்றக் கூடும். வேறு எந்தப் பூச்சு இட்டாலும் அதன் பெயரையும் நாளையும் சீட்டில் குறிக்கவும். சோதனைக்கென ஒரு பகுதியைப் பூச்சு இல்லாமல் விட்டுவைத்தல் நன்று.

5. நன்கு உலர்ந்த பின்னரே பையில் இடவும். ஈரத்துடன் மூடினால் பூஞ்சணம் பற்றும். அது கொல்லாஜனை உண்டு அழிக்கும். வெப்பமான தகரக் கூரைக் கிடங்கில் ஆண்டுக்கணக்கில் வைத்தலும் கேடே.

6. மாதிரி எடுக்குமுன் எலும்பை அளந்து, படமெடுத்து, வெட்டுத் தழும்பு முதலியவற்றைக் குறிக்கவும். விலங்கு எலும்பு வல்லுநரின் கருத்தைக் கேட்கவும். வடிவ அடையாளம் உள்ள மூட்டு முனையைத் தொடாமல், பயனற்ற உடைந்த விளிம்பிலிருந்தே எடுக்கவும். உரிய அதிகாரியின் அனுமதி இன்றி எடுத்தல் கூடாது.

7. எலும்பூசி, அம்புமுனை போன்ற கைவினைப் பொருள்களை வெட்ட வேண்டிய தேவை எப்பொழுதும் இல்லை. தோல் ஏடுகளின் மேல் பி.வி.சி. அழிப்பானை மெல்லத் தேய்த்து, அத்துகளைச் சோதித்தே விலங்கினத்தை அறியும் வழி 2015-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. எலும்புக் கருவிகள் நெடுநாள் இருந்த பிளாஸ்டிக் பையின் உட்புறத்தில் ஒட்டிய துகளைக் கொண்டும் சில வேளைகளில் இனம் அறிய முடிந்துள்ளது. ஆகவே பழைய பையை மாற்றும்போது, எண் குறித்து அதனையும் சேர்த்து வைக்கவும்.

வகுப்பறைக்கு உரியன

இப்பாடத்தை உயர்நிலைப் பள்ளி மாணவருக்கு விளக்க மூன்று எளிய செய்முறைகள் உதவும்.

முதலாவது: சமைத்து உண்ட கோழியின் கால் எலும்பு ஒன்றைச் சுத்தம் செய்து, புளிக்காடியில், அதாவது வினிகரில், ஒரு வாரம் ஊறவைக்கவும். இடையில் காடியை ஒருமுறை மாற்றவும். தாதுப்பொருள் கரைந்து எலும்பு வளையத் தொடங்கும். வளையும் அப்பகுதியே பெரும்பாலும் கொல்லாஜன். மற்றோர் எலும்பை ஆசிரியர் தாமே தணலில் இட்டு வெண்ணிறமாகும்வரை சுட்டுக் காட்டலாம். அது வடிவு மாறாமல் இருந்தும், தொட்டால் நொறுங்கும்; அதில் கொல்லாஜன் இல்லை. வெந்த எலும்பு புரதச் சோதனைக்கு ஏன் பயன்படாது என்பதை மாணவர் நேரில் காண்பர்.

இரண்டாவது: சங்கிலியில் கோக்கப்பட்ட நிலையில் அமினோ அமிலங்களின் எடைகளை ஏறக்குறையப் பின்வருமாறு தரலாம்: கிளைசின் 57, அலனின் 71, ஸெரின் 87, புரோலின் 97, திரியோனின் 101, ஹைட்ராக்ஸிபுரோலின் 113. கிளைசின், புரோலின், அலனின் ஆகிய மூன்றும் சேர்ந்தால் 225. அலனினுக்குப் பதிலாகத் திரியோனின் அமைந்தால் 255, வேறுபாடு 30. மாட்டிற்கும் ஆட்டிற்கும் இடையே முதற் பெப்டைடில் கண்ட வேறுபாடும் 30 அலகே என்பதை நினைவூட்டலாம். எடை ஒன்றைக் கொண்டே சங்கிலியில் மாற்றம் நேர்ந்ததை அறியலாம் என்பது இதனால் புலப்படும்.

மூன்றாவது: அதே சங்கிலியில் அலனினுக்குப் பதிலாக ஸெரின் அமைந்தால் எடை 241. அலனின் மாறாமல், புரோலின் ஆக்ஸிஜனை ஏற்று ஹைட்ராக்ஸிபுரோலின் ஆனாலும் எடை 241. முன்னது இன வேறுபாட்டின் அறிகுறியாக இருக்கலாம், பின்னது அவ்வாறன்று. 241 என்னும் எண்ணை மட்டும் தந்து, இரண்டனுள் எது நேர்ந்தது என்று மாணவரைக் கேட்கவும். விடை கூற இயலாது என்று எந்த மாணவர் காரணத்தோடு சொல்கின்றாரோ, அவரே இம்முறையின் உட்பொருளை உணர்ந்தவர். பல குறிகளை ஒருங்கே பார்க்க வேண்டும் என்ற விதியின் காரணமும் இதுவே.

முடிவுரை

சுருங்கக் கூறின், கொல்லாஜன் சோதனை உடைந்த எலும்பிற்குப் பெயர் சூட்டும் ஆற்றலை நமக்கு அளித்துள்ளது. செம்மறியையும் வெள்ளாட்டையும் பிரித்துக் காட்டும். பெருங்குவியலிலிருந்து அரிய துண்டைத் தேர்ந்து தரும். பழக்கப்பட்ட விலங்கா காட்டு விலங்கா என்பதைக் கூறாது. வெப்பத்தால் புரதம் அழிந்த இடத்தில் மௌனமாகவே இருக்கும். இவ்வெல்லைகளை அறிந்து கையாள்வோருக்கே இது பயன்படும்.

நம் நாட்டின் வெப்பம் நாம் மாற்றக்கூடியதன்று. ஆனால் மண்ணிலிருந்து எடுத்த பின்னர் எலும்பிற்கு நேரும் கேடுகள் நம் கையில் உள்ளவை. ஒருமுறை தோண்டிய அடுக்கை மீண்டும் தோண்ட முடியாது. அவ்வடுக்கின் சில்லுகள், பூச்சு இன்றி, உலர்ந்து, எழுதிய சீட்டோடு பையில் இருக்குமாயின், இன்று விடை தராத கேள்வியை நாளை வருவோர் மீண்டும் கேட்கலாம். மண் குவியலில் போய்விட்டவற்றிடம் கேட்க வழியில்லை.